ஸ்னோபோர்டு 'கார்விங்': பலகை வழுக்குதா, வெட்டுதா? பாகூர், வில்லியனூரில் இருந்து பனிமலைக்குக் கிளம்புறவங்க முதல்ல பார்க்க வேண்டியது பூட்ஸைத்தான்!

மார்கழி மாதம் விடியற்காலையில் பாகூர் வயல் வரப்பில் நடந்தால் கால் நனையும். அதைத்தான் நாம் பனி என்கிறோம். இமயமலையில் இடுப்பளவு குவிந்து கிடக்கும் வெண்மைக்கும் அதே சொல்தான். வரப்புப் பனிக்கு ரப்பர் செருப்பு போதும். மலைப் பனிக்கு என்ன மாட்டுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

வில்லியனூருக்கும் ஸ்னோபோர்டுக்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கு. 1880-ல் பிரெஞ்சு அரசு தன் இந்தியப் பகுதிகளில் உருவாக்கிய 10 கொம்யூன்களில் வில்லியனூரும் பாகூரும் உண்டு. 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஆல்ப்ஸ் மலை ஊரான ஷமோனியும் பிரான்ஸில் ஒரு கொம்யூன்தான். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு பிரான்ஸில் இருக்கிறார்கள். அங்கே பிப்ரவரியை ஒட்டி பள்ளிகளுக்கு குளிர்கால விடுமுறை. "சித்தப்பா வீட்டுக்கு வந்திருக்கே, வா மலைக்குப் போலாம்" என்று கூட்டிக்கொண்டு போவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

விசா எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு காஷ்மீரின் குல்மார்க் இருக்கிறது. உத்தராகண்டின் ஆவ்லி, மணாலி பக்கத்து சோலாங் என்று வேறு இடங்களும் உண்டு. 2020-ல் தொடங்கிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் பனிமலைப் போட்டிகள் குல்மார்க்கில்தான் நடந்து வருகின்றன. அதில் ஸ்னோபோர்டும் ஒரு போட்டி.

இந்தக் கட்டுரை முதல்முறை போகிறவர்களுக்கு மட்டும் இல்லை. ஒன்றிரண்டு தடவை போய் வந்து, விழாமல் இறங்கத் தெரிந்தும், வீடியோவில் பார்க்கிற அந்த அழகான வளைவு மட்டும் ஏன் வர மாட்டேங்குது என்று முழிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கார்விங் என்றால் என்ன?

பாகூர் விவசாயிக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பரம்பு அடித்தால் சேறு அகலமாக வழிக்கப்பட்டு மட்டமாகும். ஏர் ஓட்டினால் மெல்லிய சால் விழும். பலகை பக்கவாட்டில் சறுக்கி, பனியை வழித்துக்கொண்டு திரும்பினால் அது பரம்பு. அதன் ஓர விளிம்பு பனியைக் கீறி, அந்தக் கீறலிலேயே பலகை ஓடித் திரும்பினால் அது உழவுசால். அந்தச் சால்தான் கார்விங்.

வில்லியனூர்காரர்களுக்கு வேறு உதாரணம். திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிற தேர் அது. மாடவீதி மூலையில் அது எப்படித் திரும்புகிறது? சக்கரத்துக்கு கட்டை கொடுத்து, ஒரு பக்கம் இழுத்து, தரையோடு தேய்த்துத் திருப்புகிறார்கள். அதுவே விழுப்புரம் ரோடு வளைவில் பைக்கில் போகிறவர் என்ன செய்கிறார்? ஹேண்டிலை ஒடிப்பதில்லை. வண்டியைச் சாய்க்கிறார், வண்டி தானாக வளைகிறது. ஸ்னோபோர்டில் பெரும்பாலானவர்கள் தேர் திருப்புகிற மாதிரிதான் திருப்புகிறார்கள். வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் போகும், கால் வலிக்கும். பனி கொஞ்சம் இறுகியிருந்தால் பலகை பிடிப்பில்லாமல் ஓடிவிடும்.

பலகை ஏன் தானாக வளைகிறது? அதை மேலிருந்து பார்த்தால் நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு நுனியும் அகலமாக இருக்கும். அந்த ஓர வளைவை நீட்டி முழு வட்டமாக்கினால் அதன் ஆரம், சாதாரணப் பலகைகளில் சுமார் 6 முதல் 9 மீட்டர். பலகையைச் சாய்த்து எடையை ஏற்றினால் அது வில் மாதிரி வளைந்து, ஓரம் முழுவதும் பனியைத் தொடும். அப்புறம் அந்த வட்டத்தின் மேல் ஓடுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. கூடுதலாகச் சாய்த்தால் வட்டம் சின்னதாகும். நீங்கள் திருப்ப வேண்டியதே இல்லை, சாய்த்தால் போதும்.

சரி, ஏன் வர மாட்டேங்குது?

முதல் காரணம் பின்னங்கால். ஆரம்பத்தில் எல்லோரும் பின்னங்காலை உதறித்தான் திரும்பக் கற்றுக்கொள்கிறார்கள். பயம் வந்தால் உடனே அந்தப் பழக்கம் தலைகாட்டும். பின்னங்காலை உதறிய நொடியில் சால் அழிந்து பரம்பாகிவிடும்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. கூட்டமில்லாத, சரிவு குறைந்த, இயந்திரம் வைத்துச் சமன்படுத்திய ஓடுதளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மேலே யாரும் வரவில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு நேராகக் கிளம்புங்கள். கொஞ்சம் வேகம் வந்ததும் பலகையை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு, அப்படியே காத்திருங்கள். உதறாதீர்கள், திருகாதீர்கள். பலகை மெதுவாக வளைந்து, குறுக்கே ஓடி, கடைசியில் மேட்டைப் பார்த்து ஏறி தானாக நிற்கும். உடனே பின்னால் திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்கள். பென்சில் கோடு மாதிரி மெல்லிசாக இருந்தால் கார்வ். விளக்குமாறு இழுத்த மாதிரி அகலமாக இருந்தால் சறுக்கல். இதில் வாத்தியார் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பனியே மார்க் போட்டுவிடும்.

விரல் பக்கம் பத்து தடவை, குதிகால் பக்கம் பத்து தடவை. இரண்டிலும் மெல்லிய கோடு வந்த பிறகுதான் ஒன்றோடொன்று கோக்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து, நேராக வேகமான சரிவில் முயற்சி செய்துதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரணம், உடம்பு மடங்குகிற இடம். விரல் பக்கம் சாயும்போது கையை நீட்டி பனியைத் தொட ஆசை வரும். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இடுப்பில் குனிந்து கையை விட்டால், எடை விளிம்பை விட்டு விலகிவிடும். அதற்குப் பதிலாக முழங்காலை மடித்து, முன்னங்கால் எலும்பை பூட்ஸின் நாக்கில் அழுத்தி, இடுப்பைப் பனிப்பக்கம் கொண்டு போக வேண்டும். நெஞ்சு நிமிர்ந்தே இருக்கட்டும். தொட வேண்டிய நேரம் வந்தால் பனியே மேலே வந்து கையைத் தொடும்.

குதிகால் பக்கம் இன்னும் கஷ்டம். பலகை 'தடதடதட'வென்று அதிர்ந்து பிடியை விடுகிற அனுபவம் நிறைய பேருக்கு இருக்கும். காலை விறைப்பாக நீட்டி, இடுப்பில் மடங்கி, பின்பக்கத்தை வெளியே தள்ளி உட்கார்வதால் வருவது அது. நாற்காலியில் உட்காருகிற மாதிரி முழங்கால் மடங்க வேண்டும், முதுகு நிமிர வேண்டும், கால் விரல்களை பூட்ஸுக்குள்ளேயே மேலே தூக்க வேண்டும். தெரு முனையில் குழாய்த் தண்ணீருக்காகக் குத்துக்கால் வைத்து உட்காரப் பழகியவர்களுக்கு முழங்கால் மடக்குவது ஒரு பிரச்னையே இல்லை. அந்த வகையில் நம்ம ஊர்க்காரர்களுக்கு இது ஒரு அட்வான்டேஜ்தான்.

மூன்றாவது, கண். பலகையின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் தோள் திரும்பாது. வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். பைக் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், பனியில் மட்டும் மறந்துபோகும்.

கடைசியாக, விளிம்பு மாற்றுகிற நேரம். பலகை கீழ்நோக்கித் திரும்பிய பிறகு விளிம்பை மாற்றினால் அது தாமதம், அப்புறம் பிரேக் மாதிரி சறுக்க வேண்டி வரும். பலகை இன்னும் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த விளிம்புக்கு மாறிவிட வேண்டும். சில நொடிகள் மலையின் கீழ்ப்பக்கத்தை நோக்கிச் சாய்கிற மாதிரி இருக்கும், வயிற்றைப் பிசையும். அந்த பயத்தைக் கடந்தவர்தான் கார்விங் கற்றுக்கொள்கிறார்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் பூட்ஸைப் பற்றி பேச வேண்டும்?

சாய்க்கிற உத்தரவு எங்கிருந்து போகிறது? முழங்காலில் தொடங்கி, கணுக்கால் வழியாக பூட்ஸுக்கு, பூட்ஸில் இருந்து பைண்டிங்குக்கு, அங்கிருந்து பலகை விளிம்புக்கு. இந்தச் சங்கிலியில் எங்கேயாவது தொளதொளப்பு இருந்தால் உத்தரவு பாதி வழியிலேயே தொலைந்துபோகும். நீங்கள் விரலைத் தூக்குகிறீர்கள், பூட்ஸுக்குள் குதிகால் ஒரு சென்டிமீட்டர் மேலெழும்புகிறது, பலகை அசையவே இல்லை. அதைச் சமாளிக்க இன்னும் பலமாக உடம்பை வீசுகிறீர்கள். சால் போச்சு. 'எனக்கு வரலை' என்று மனசு உடைந்து இறங்குகிறவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையான குற்றவாளி பெரிய சைஸ் பூட்ஸ்தான்.

நம்ம ஊர்ப் பாதத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் செருப்பில்லாமலே நடந்து வளர்ந்தவர்களின் பாதங்களை அளந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. மேற்கத்தியப் பாதங்களோடு ஒப்பிட்டால் இவர்களின் பாதத்தின் முன்பகுதி அகலம் என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. வயலிலும் வீட்டிலும் வெறுங்காலோடு, வெளியே திறந்த செருப்போடு வளர்ந்த பாகூர் பையனின் கால் விரல்கள் விரிந்து நிற்கும். குறுகலான அச்சில் செய்த ஷூவை மாட்டினால் பக்கவாட்டில் பிடிக்கும். உடனே என்ன செய்வார்? ஒரு சைஸ் பெரிசு கேட்பார். அகலம் சரியாகும், ஆனால் நீளம் கூடிவிடும், குதிகால் ஆடும். பிரச்னை அகலத்தில், மருந்து நீளத்தில். 'வைட்' என்று குறிப்பிட்ட அகல அச்சு பூட்ஸ்களை பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. கேட்க வேண்டியது அதைத்தான்.

சைஸ் பார்ப்பது எப்படி? ஸ்னோபோர்டு பூட்ஸில் 'மோண்டோ' என்றொரு அளவு போட்டிருக்கும். அது ரொம்ப நேர்மையான அளவு, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில், அவ்ளோதான். வீட்டுச் சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து, தரையில் பேப்பர் போட்டு, நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு அளங்கள். 27 செ.மீ. என்றால் மோண்டோ 27. நம்ம கடை வழக்கத்தில் தோராயமாக 8-ம் நம்பர். இரண்டு காலையும் அளக்க வேண்டும், ஒன்று பெரிசாக இருக்கும். சாயங்காலம் அளப்பது நல்லது, நாள் முழுக்க நடந்தால் பாதம் லேசாக வீங்கும்.

மாட்டிப் பார்க்கும்போது நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் கொஞ்சம் பின்னால் வர வேண்டும். 'இடிக்குதே' என்று முதலில் தோன்றும். தொடுவது வேறு, நசுக்குவது வேறு. உள்ளே இருக்கும் மெத்தை உறை சில நாள் போட்டால் அமுங்கி இடம் கொடுத்துவிடும். கடையில் மாட்டும்போதே வீட்டுச் செருப்பு மாதிரி சொகுசாக இருந்தால் அது நாளைக்குத் தொளதொளக்கும். பல பூட்ஸ்களின் உள்ளுறையைச் சூடாக்கி பாதத்தின் வடிவத்துக்குப் பொருத்தித் தருவார்கள், வசதி இருந்தால் விடாதீர்கள்.

அடுத்த சோதனை, குதிகால். பூட்ஸைக் கட்டிக்கொண்டு, குதிகாலை மட்டும் தூக்கி விரல் நுனியில் எழும்புங்கள். உள்ளே குதிகால் நன்றாக மேலெழுந்தால் அந்த ஜோடி வேண்டாம். சைஸ் சரியாக இருந்தும் வேறு கம்பெனி அச்சு பொருந்தலாம். பிராண்டு பெயரைப் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் போடுவதில் இருக்கிற ஆபத்து இதுதான். நண்பனின் காலுக்கு அமைந்தது உங்கள் காலுக்கு அமையணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

விறைப்புக்கு 1 முதல் 10 வரை எண் போடுவார்கள். கார்விங்குக்கு 6 முதல் 8 வரை பேசப்படும், புதியவர்களுக்கு 3 முதல் 5. ஆனால் ஒரு கம்பெனியின் 6, இன்னொரு கம்பெனியின் 8 மாதிரி இருக்கும், பொது அளவுகோல் கிடையாது. உடல் எடையையும் பார்க்க வேண்டும். 55 கிலோ எடையுள்ளவர் 8 விறைப்பு பூட்ஸை மாட்டினால் அவரால் அதை மடக்கவே முடியாது. முழங்கால் மடங்காமல் கார்விங் ஏது? சந்தேகம் இருந்தால் நடுத்தரத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கயிறு, இழுப்புக் கயிறு, 'போவா' எனும் திருகு சக்கரம் என்று கட்டுகிற முறை மூன்று உண்டு. கையுறையோடு கட்ட திருகு சுலபம். சாதாரணக் கயிறு அறுந்தாலும் எந்த ஊர்க் கடையிலும் வேறு வாங்கலாம். எதுவாக இருந்தாலும் கட்டுவதற்கு முன்னால் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டி பின்னால் தள்ள வேண்டும். முதலில் உள்ளுறை, அப்புறம் வெளிக்கயிறு. முதல் இரண்டு இறக்கத்துக்குப் பிறகு மறுபடியும் இறுக்குங்கள்.

சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லிய கம்பளி. 'குளிருமே' என்று இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் போடுவது நம்மவர்கள் தவறாமல் செய்கிற தப்பு. இரண்டு சாக்ஸ் ஒன்றோடொன்று நழுவும், இரத்த ஓட்டம் நெருங்கும், வியர்வையில் பருத்தி ஊறி கால் இன்னும் ஜில்லென்று ஆகும். உள்ளே போடும் தெர்மல் பேன்ட்டின் நுனியையும் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். அந்த மடிப்பு எலும்பை அழுத்துகிற வலி மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

பைண்டிங்: எது வாங்குவது, எப்படி மாட்டுவது?

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் சாதனம்தான் பைண்டிங். பூட்ஸை முடிவு செய்த பிறகுதான் இதைப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் காசு வீண். பூட்ஸ் உள்ளே உட்கார்ந்தால் குதிகால் பக்கம் இடைவெளி இருக்கக் கூடாது. கணுக்கால் பட்டை பாதத்தின் மேட்டில் நடுவாக விழ வேண்டும்.

பட்டை வகைதான் பழையது, எங்கும் கிடைப்பது. பின்புறம் திறந்து மூடும் வகை ஒன்று உண்டு. 2017-ல் பர்ட்டன் நிறுவனம் கொண்டுவந்த 'ஸ்டெப் ஆன்' வகையில் பட்டையே இல்லை, காலை வைத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பனியில் உட்கார்ந்து பட்டை மாட்டுகிற அவஸ்தை மிச்சம். ஆனால் அதற்கென்றே செய்த பூட்ஸ் வேண்டும். வருடத்துக்கு ஒரு வாரம் போய், பலகையை வாடகைக்கு எடுக்கிற புதுச்சேரிக்காரருக்கு அது தோது இல்லை. பட்டை வகையே போதும்.

மாட்டுகிற கோணத்தில் நிறைய பேர் கவனம் வைப்பதில்லை. முன்னங்கால் 15 டிகிரி முன்பக்கம், பின்னங்கால் 15 டிகிரி பின்பக்கம் என்று வாத்து மாதிரி நிற்பது தாவுகிறவர்களுக்கும் பின்னோக்கி ஓட்டுகிறவர்களுக்கும் வசதி. கார்விங் மட்டுமே குறி என்றால் பலர் இரண்டு காலையும் முன்பக்கம் திருப்புகிறார்கள். உதாரணமாக முன்னால் 27, பின்னால் 9. இடுப்பு ஓடுகிற திசையைப் பார்ப்பதால் குதிகால் பக்கச் சாய்வு சுலபமாகும். ஒரேயடியாக மாற்றாமல், பின்னங்காலை 3 டிகிரி, 3 டிகிரியாக நகர்த்திப் பார்ப்பது முழங்காலுக்கு நல்லது. ஒலிம்பிக் பந்தய வீரர்கள் கடினமான பிளாஸ்டிக் பூட்ஸோடு 50 டிகிரிக்கு மேல் நிற்பார்கள். அது வேறு உலகம். செக் நாட்டின் எஸ்டர் லெடெட்ஸ்கா 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஸ்கீ சூப்பர்-ஜி, ஸ்னோபோர்டு பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வாங்கியவர். ஸ்கீயில் அவர் முந்தியது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு!

பைண்டிங்கை நடுவில் உட்கார வைப்பது கோணத்தை விட முக்கியம். பூட்ஸின் விரல் முனையும் குதிகால் முனையும் பலகை ஓரத்துக்கு வெளியே சம அளவு நீட்ட வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக நீட்டினால், பலகையை ஆழமாகச் சாய்க்கும்போது அந்த முனை பனியில் உரசும், விளிம்பு தூக்கிவிடும். 'நான் சரியாத்தானே சாய்ச்சேன்' என்று எழுந்து நிற்பீர்கள். பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீட்டினால் அகலமான பலகை வேண்டும். பெரிய பாதம் உள்ளவர்கள் வாடகைக் கடையில் இதைக் கேட்டே வாங்க வேண்டும்.

கால்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி? தரையில் இருந்து முழங்கால் சில்லு வரை உள்ள உயரம் ஒரு நல்ல தொடக்கம். பைண்டிங்கின் முதுகுத் தட்டைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து வைத்தால் குதிகால் பக்கம் பலகை சீக்கிரம் எழும்பும், அந்த 'தடதட'வும் குறையும். அதிகமாகச் சாய்த்தால் தொடை எரியும். ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் பாக்கெட்டில் இருக்கட்டும். வாடகைப் பலகையில் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள்.

எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

மொத்தமும் வாங்க வேண்டியதில்லை. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பூட்ஸ் வாங்குங்கள். பலகையும் பைண்டிங்கும் வாடகைக்கு எடுங்கள். பலகையை விமானத்தில் தூக்கிக்கொண்டு போகிற செலவும் இல்லை. யார் யாரோ போட்டு அமுங்கிப்போன வாடகை பூட்ஸில் மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் எடுபடாது. பிரான்ஸில் இருக்கிற உறவுக்காரர் வாங்கி அனுப்புகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிட்டு, நேரில் போகும்போது மாட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

அதோடு மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும். ஸ்னோபோர்டில் அதிகம் அடிபடும் இடம் மணிக்கட்டு, கையை விரித்து ஊன்றுவதால் வருகிறது. விழப்போவது தெரிந்தால் விரலை மடக்கி முஷ்டியாக்கி, முன்கையில் விழப் பழகுங்கள்.

குல்மார்க் போகிறவர்கள் கவனத்துக்கு

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருந்து நேராக அங்கே போய் இறங்குகிறவருக்கு முதல் நாள் மூச்சு வாங்கும், தலை வலிக்கலாம். அன்றைக்குப் பலகையைத் தொடாமல் ஊரைச் சுற்றிப் பாருங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் உள்ள இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் அங்கேதான் இருக்கிறது, பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது.

ரோப் கார் இரண்டு கட்டமாக அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் வரை போகும். டிக்கெட் கிடைக்கிறது என்பதற்காக பலகையோடு ஏறிவிடாதீர்கள். மேலே இருப்பது சமன்படுத்தாத ஆழ்பனி. பனிச்சரிவில் 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இரண்டு பேரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் உயிரிழந்த மலை அது. கார்விங் பழகக் கீழே உள்ள மெதுவான சரிவுகளே சரியான இடம்.

பனி வந்தால்தான் எல்லாம். 2024 ஜனவரியில் குல்மார்க் பனி இல்லாமல் வறண்டு கிடந்தது. 2025-ல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா போட்டிகளே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. டிக்கெட்டை முன்கூட்டியே போடுகிறவர்கள் தேதி மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

ஊரில் இருந்தே பழக முடியுமா?

கொஞ்சம் முடியும். 1965-ல் அமெரிக்காவின் ஷெர்மன் பாப்பன் இரண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டி மகள்களுக்குச் செய்து கொடுத்த விளையாட்டுப் பலகையில் இருந்துதான் ஸ்னோபோர்டு வளர்ந்தது. அதன் பெயர் 'ஸ்னர்ஃபர்'. ஸ்னோவும் சர்ஃபும் சேர்ந்த பெயர். ஆக, செரினிட்டி பீச்சில் சர்ஃபிங் பழகியவருக்குப் பக்கவாட்டில் நிற்பதும் கண் பார்க்கும் திசையில் உடம்பு போவதும் புதிதில்லை. ஸ்கேட்போர்டும் உதவும், தளர்ந்த சக்கர அச்சு உள்ள பலகையில் சாய்த்தால் திரும்பும் உணர்வு கார்விங்குக்கு ரொம்பப் பக்கம். எந்தக் கால் முன்னால் என்று தெரியாதவர்கள், பின்னால் இருந்து யாராவது லேசாகத் தள்ளும்போது எந்தக் கால் முதலில் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் முன்னங்கால்.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்னால் இருந்து குத்துக்கால் உட்கார்ந்து எழுவதும், ஒற்றைக் காலில் நின்று பல் தேய்ப்பதும் போதும். வாங்கிய பூட்ஸை வீட்டில் ஃபேன் போட்டுக்கொண்டு தினமும் அரை மணி நேரம் மாட்டி உட்காருங்கள். உள்ளுறை காலுக்குப் பழகும், எங்கே கடிக்கிறது என்பதும் கிளம்பும் முன்னாலேயே தெரிந்துவிடும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

திரும்பி வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம்ம ஊர் ஈரக்காற்றும் வெயிலும் பூட்ஸுக்கு எதிரி. உள்ளுறையைக் கழற்றி நிழலில் நன்றாகக் காயவிடாமல் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஓட்டு வீட்டுப் பரணிலோ சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழோ போட்டால் சூட்டில் பசை விடும். சில வருடத்தில் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதும் உண்டு. பழைய நியூஸ் பேப்பரை உள்ளே திணித்து, வாட்டர் பாட்டில், பை வாங்கும்போது வரும் சிலிக்கா பாக்கெட்டுகளையும் போட்டு, வீட்டிலேயே குளுமையான அறையில் வையுங்கள். சொந்தப் பலகை வைத்திருப்பவர்கள், குறிப்பாக நரம்பை, மூர்த்திக்குப்பம் மாதிரி கடலோரம் இருப்பவர்கள், இரும்பு விளிம்பில் மெழுகோ எண்ணெயோ தடவி வைக்க மறந்தால் அடுத்த சீசனில் கையில் வருவது துருப்பிடித்த விளிம்புதான்.